மகாராணியின் பெயரால்

அண்ணை,

இன்று காலை தபாலில் உங்கள் பெயருக்கு வாக்காளர் அட்டை வந்தது. மார்கழியில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். கவுன்சிலின் பட்டியலில் இன்னும் எங்கள் லண்டன் ஃபாரஸ்ட் கேட் வீட்டின் முன் அறையில்தான் இருக்கிறீர்கள். என் கணவர் அதைக் கிழிக்கப் போனார். "விடுங்கோ" என்று வாங்கி மேசையில் வைத்தேன். அதன் பிறகு எனக்கு வேலைக்குப் போக மனம் வரவில்லை.

அந்த அறைக்கு நீங்கள் வாடகைக்கு வந்தபோது உங்களைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. யாழ்ப்பாணத்து அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர், இங்கே பெற்றோல் நிலையத்தில் காசாளர், தனிக்கட்டை. வந்த கொஞ்ச நாளிலேயே, முன்பு பிரித்தானியாவின் கீழ் இருந்த பொதுநலவாய நாட்டவர் என்பதால் குடியுரிமை இல்லாமலே எங்களுக்கும் இங்கே வாக்கு உண்டு என்று சொல்லி வீட்டில் எல்லோருடைய பெயரையும் பதிய வைத்தீர்கள். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்கு அது தெரியாமலே இருந்தது. நீங்கள் கச்சேரியில் சேர்ந்த காலத்தில் இலங்கைக்கும் இந்த நாட்டு மகாராணிதான் அரசி. "நானும் அவவின்ர உத்தியோகத்தன்தானே, பிள்ளை" என்று சிரிப்பீர்கள். இந்த நாட்டின் பாராளுமன்றத்தில் உங்களுக்கு அப்படியொரு நம்பிக்கை.

எண்பதுகளின் கடைசியில் உங்கள் தம்பி வந்திறங்கினார். அவருடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்து, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அடைத்து வைத்தார்கள். திருப்பி அனுப்ப நாளும் குறித்துவிட்டார்கள்.

எங்கள் தொகுதி எம்.பி. சனிக்கிழமைகளில் நூலகத்தில் ஆட்களைச் சந்திப்பார். உங்களிடம் எழுத்து ஆங்கிலம் இருந்தது, பேச்சு வராது. அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். கனத்த உடம்பும் புகையிலை வாசமுமாக இருந்த அந்த வயதானவர் நாங்கள் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். திங்கட்கிழமை அமைச்சோடு பேசி, தம்பியை அனுப்புவதை நிறுத்தி வைத்தார். எம்.பி. தலையிட்டால் அமைச்சர் பதில் சொல்லும்வரை ஆளை அனுப்ப மாட்டார்களாம். சேதி வந்ததும் அப்டன் பார்க் கடைத்தெருவுக்குப் போய் லட்டு வாங்கிவந்து, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவிக்கும் கொடுத்தீர்கள்.

நன்றி சொல்லவேண்டும் என்று பாராளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் புறப்பட்டோம். உங்களுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி. அந்த உயர்ந்த மண்டபத்தில் பச்சை அட்டை ஒன்றில் எம்.பி.யின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அவர் தானே வந்து கைகொடுத்து, பார்வையாளர் மாடத்துக்கு எங்களை அனுப்பி வைத்தார்.

கீழே குடிவரவுச் சட்டம் பற்றிய விவாதம். பச்சை இருக்கைகளில் ஆட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தார்கள். எங்கள் எம்.பி. எழுந்து அதை எதிர்த்து நன்றாகத்தான் பேசினார். எதிரே இருந்த ஒருவர் காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"மற்ற ஆக்கள் எங்கை, பிள்ளை?" என்று என் காதுக்குள் கேட்டீர்கள்.

"வருவினம் போலை."

வந்தார்கள். வாக்களிப்புக்கான மணி அடித்தது. எங்கிருந்தோ நூற்றுக்கணக்கில் உள்ளே திரண்டு, பேசிச் சிரித்துக்கொண்டே வாக்களித்தார்கள். அரசாங்கம் வென்றது. நீங்கள் மாடத்தின் கம்பியைப் பிடித்தபடி இருந்தீர்கள்.

"ஒரு சொல்லும் கேளாதவை எல்லோ வந்து வாக்குப் போட்டிட்டுப் போகினம்."



கொஞ்ச நாளில் அமைச்சர் மறுத்துவிட்டார். எம்.பி. எங்களைக் கூப்பிட்டு, தன்னால் இனி ஏலாது என்று வருத்தத்தோடு சொன்னார். அன்றைக்குத்தான் மகாராணிக்கு எழுதுவதென்று முடிவெடுத்தீர்கள். என் கணவர் சிரித்தார், எனக்கும் உள்ளுக்குள் சிரிப்புத்தான். நீங்கள் மேசை முன் அமர்ந்து, கச்சேரிக் கையெழுத்தில், இலங்கையில் மாட்சிமை தங்கிய தங்களுடைய சேவையில் இருந்தவன் என்று தொடங்கி எழுதினீர்கள். தம்பியின் உயிரைக் கேட்டீர்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

பதில் வந்தது. தடித்த தாள், மிகவும் மரியாதையான சொற்கள். அரசியலமைப்புக்கு உட்பட்ட அரசி என்பதால் இதில் அவர் தலையிட முடியாது. உங்கள் மடல் பொறுப்பான அமைச்சருக்கு அனுப்பப்பட்டுள்ளது.

இரண்டு தடவை வாசித்தீர்கள். "ஆரைப் பற்றி முறையிட்டனானோ, அவரிட்டையே போயிருக்கு" என்றீர்கள். கோபம் இல்லை. கச்சேரியில் இப்படி எத்தனை மடல்களை நீங்களே அனுப்பி வைத்திருப்பீர்களோ என்று எனக்குத் தோன்றியது.

தம்பியை அனுப்பிவிட்டார்கள். கொழும்பிலிருந்து ஒருமுறை தொலைபேசியில் பேசினார். பிறகு இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துக்கொண்டு போனதாக அவர் தங்கியிருந்த விடுதிக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை.

தொண்ணூறுகளில் நீங்கள் குடியுரிமை எடுத்தது, இந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு பயமின்றி அவரைத் தேடிப் போவதற்காக. கிரீன் ஸ்ட்ரீட்டில் புடவைக்கடைக்கு மேலே ஒரு சட்டத்தரணியின் அறை. மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாயிருப்பேன் என்று தடுமாறாமல் சத்தியம் செய்தீர்கள். படியிறங்கும்போதுதான் நின்றீர்கள்.

"தம்பியை அனுப்பினது அவவின்ர அரசாங்கம். ஆனா அவ அனுப்பேல்லை. அமைச்சர் சட்டப்படி செய்தனான் எண்டுறார். சட்டத்தைப் போட்டது பாராளுமன்றம். அங்கை இருந்தவை ஒண்டையும் கேக்கேல்லை. அப்ப அவனை ஆர் பிள்ளை அனுப்பினது?"

 

கடவுச்சீட்டு வந்த அன்று முதற்பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போகவிடவேண்டும், உதவியும் பாதுகாப்பும் கொடுக்கவேண்டும் என்று மகாராணியின் பெயரால் கேட்டிருந்தது. "இப்ப எனக்காகக் கேக்கிறா" என்றீர்கள். "எனக்கு இப்ப என்னத்துக்கு?"

கொழும்பில் சிறைச்சாலை, முகாம், ஆசுபத்திரி எல்லாம் ஏறி இறங்கினீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் உடுப்பு உங்கள் மேல் தொங்கியது. கடைசியில் உங்களைக் கொண்டுபோன அந்த இருமல் அங்கே தொடங்கியதா, இங்கே தொடங்கியதா என்று தெரியவில்லை. ஆனாலும் உள்ளூர்த் தேர்தல் ஒன்றையும் நீங்கள் விடவில்லை. ஏன் அண்ணை என்று ஒருமுறை கேட்டேன். "அவன் இருந்தா போட்டிருப்பான்" என்றீர்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் நூலகத்துக்கு எங்கடை ஆட்களோடு நான் போகிறேன். எம்.பி. வேறு ஆள், இளவயது. போன கிழமை ஒரு பெண் வந்திருந்தாள். கணவர் குடிவரவுத் தடுப்பு முகாமில். வரிசையில் நிற்கும்போது கேட்டாள்: "அக்கா, இந்த எம்.பி. சொன்னா அவையள் கேப்பினமோ?"

"சில நேரம் கேப்பினம். சில நேரம் கேளாயினம்."

"அப்ப ஏன் வந்தனாங்கள்?"

"உங்கடை மனுசன்ர பெயரை அந்தப் பாராளுமன்றத்துக்குள்ளை ஆராவது ஒருத்தர் வாய்திறந்து சொல்லவேணும். அதுக்குத்தான்."

அவள் நம்பினாளா தெரியவில்லை. எங்கள் முறை வந்தது. உதவியாளர் பேனாவை எடுத்தார். அவர் பிழையாக எழுதிவிடக்கூடாது என்று அந்த நீண்ட பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அன்றைக்கு இதே நூலகத்தில் நீங்கள் மேசையில் விரலால் தட்டித் தட்டி உங்கள் தம்பியின் பெயரைச் சொன்னது போலவே.