நெப்ராஸ்கா மூன்றாம் தொகுதியும் என் வாயும்

ஹவுன்ஸ்லோ
20.09.2009

அன்பு மகள் கௌசிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மன் துணையால் நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை மார்க்கும் அங்கே நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்பதை, நீ அம்மாவோடு போனில் கதைக்கும்போது கேட்கும் பாதிக் கதையில் இருந்து பொறுக்கி எடுத்துத் தெரிந்துகொள்கிறேன். அந்த நேரத்தில் நான் குசினிக்குள் கோப்பை கழுவுவதுபோல நிற்பேன். கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவுவேன். நாலு மாதமாக இந்த வீட்டுக் கோப்பைகள் இப்படிப் பளபளத்ததில்லை என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போனோம். அம்மாவின் முழங்கால் வீக்கம் பரவாயில்லை, டொக்டர் நடக்கச் சொன்னதால் ஹை ஸ்ட்ரீட் வரை நடக்கிறார், திரும்பி வர பஸ் எடுக்கிறார். எனக்கு வேலை முன்னைப்போலத்தான், விமானங்களுக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை ட்ரொலியில் அடுக்குவது. சிகாகோ விமானத்துக்கு அடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனமாக அடுக்குவேன், அது உன் பக்கம் போகிறது என்று ஒரு நினைப்பு. சிகாகோவில் இருந்து உன் வீட்டுக்கு இன்னும் ஒரு நாள் முழுக்கக் கார் ஓட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். உன் இடத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அதுதான் என் வியாதி. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஜனவரியில் நகுலா மாமி வன்னியில் இருந்து எடுத்த கடைசிப் போனுக்குப் பிறகு, என் ஒரே அக்கா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நான் எப்படி இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். ஏப்ரலில் இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனம் திரண்டபோது நானும் ஷிப்ட் முடிந்ததும் போய் நின்றேன். அங்கே ஒருவர் மைக்கில் சொன்னார், வெளிநாடுகளில் பிள்ளைகள் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுப் பிரதிநிதிகளைப் பிடியுங்கள், அமெரிக்காதான் முக்கியம் என்று. அவ்வளவுதான், என் தலைக்குள் ஒரு பல்ப் எரிந்தது. என் மகள் அமெரிக்காவில், அவளுடைய தொகுதிக்கு ஒரு மெம்பர், அவர் காங்கிரசில் எழும்பி நின்று நகுலேஸ்வரி எங்கே என்று கேட்டால் யுத்தமே நின்றுவிடும் என்று நினைத்தேன். சிரிக்காதே. அந்த நாட்களில் எங்கள் எல்லோருக்கும் அப்படி ஏதோ ஒரு நினைப்பு இருந்தது.

பிறகு நான் செய்ததுதான் உனக்குத் தெரியாது. ஏ லெவலில் புவியியலுக்கு எஸ் எடுத்து, அதுவும் அரும்பொட்டில் தப்பிய நான், ஹவுன்ஸ்லோ நூலகத்தில் போய் இருந்து நெப்ராஸ்கா மூன்றாம் தொகுதியைப் படிக்கத் தொடங்கினேன். வரைபடத்தை நாலு தாளில் பிரிண்ட் எடுத்து ஒட்டி, பிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு வைத்தேன். அம்மா பால் எடுக்கக் கதவைத் திறந்தால் மேற்கு நெப்ராஸ்கா கிழக்கு நெப்ராஸ்காவில் இருந்து கழன்று விழும். அந்த ஒரு தொகுதிக்குள் எங்கள் இலங்கை இரண்டரைத் தரம் போகும் மகள். இலங்கையில் இரண்டு கோடி சனம், அங்கே ஆறு லட்சம்கூட இல்லை. தொகுதிக்குள்ளேயே இரண்டு நேரம் ஓடுகிறது, நீங்கள் இருக்கும் மேற்கு ஓரத்தில் மணி ஒன்பது என்றால் கிழக்கில் பத்து. நடுவில் கடல் அலை உறைந்ததுபோல மணல் குன்றுகள், மேலே புல்லு, கீழே நிலத்தடி நீர், அந்தப் புல்லை நம்பி மாடு, மாட்டை நம்பி மனிதர். ஒரு காலம் அந்த மாநிலம் காங்கிரசுக்கு ஆறு பேரை அனுப்பியதாம். இளம் ஆட்கள் ஊரை விட்டுப் பட்டணங்களுக்குப் போகப் போக ஆறு ஐந்தாகி, நாலாகி, இப்போது மூன்று. அதில் இரண்டு தொகுதி கிழக்கில் ஒமாஹாவையும் லிங்கனையும் சுற்றி. மிச்சம் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக் கட்டிய மூட்டைதான் உங்கள் மூன்றாம் தொகுதி. ஆட்கள் குறையக் குறையத் தொகுதி பெருத்துக்கொண்டே போயிருக்கிறது.

அரசியலும் படித்தேன். அங்கே கிட்டத்தட்ட ஐம்பது வருடமாக யானைக் கட்சிதான், அதாவது ரிபப்ளிக்கன். மற்றது டெமோக்ரட், கழுதைக் கட்சி, ஒரு தரம் 1958 தேர்தலில் அந்தப் பக்கத்தில் வென்று, அடுத்த தேர்தலிலேயே வீட்டுக்குப் போனது. 1974இல் கிட்ட வந்து 737 வாக்கில் தோற்றது. இந்த 737ஐ நான் தூக்கத்திலும் சொல்வேன். வேலையிடத்தில் ட்ரொலி தள்ளும் எல்லோருக்கும் சொன்னேன், என்னை ‘நெப்ராஸ்கா’ என்றே கூப்பிடத் தொடங்கினார்கள், எனக்கு அது பட்டம் கிடைத்ததுபோல இருந்தது.

இவ்வளவும் படித்த பிறகு மெம்பருக்கு ஆங்கிலத்தில் நாலு பக்கக் கடிதம் எழுதினேன். முதல் மூன்று பக்கமும் அவருடைய தொகுதியின் மணல், தண்ணீர், ஆறு இடம் மூன்றான வரலாறு. யானைக் கட்சியின் அந்த 737 வெற்றியை வேறு வாயாரப் புகழ்ந்தேன். அவருக்குத் தெரியாததுபோல! நாலாம் பக்கத்தில்தான் அக்கா வந்தார், அதுவும் கடைசி ஒன்பது வரியில். இப்போது நினைத்தால் பேனை பிடித்த கையைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. மரியாதையாகப் பதில் வந்தது, எழுதியதற்கு நன்றி, நீங்கள் இந்தத் தொகுதியில் வசிக்காதவர் என்பதால் உங்கள் சொந்தப் பிரதிநிதியிடம் போவதுதான் முறை என்று. அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுத் தேவராசா அண்ணையிடம் காட்டி, தொகுதியின் வரலாற்றையும் நின்ற நிலையில் அரை மணித்தியாலம் ஒப்புவித்தேன். அண்ணை கடைசிவரை கேட்டுவிட்டு, “எல்லாம் சரி சற்குணம், எங்கடை ஹவுன்ஸ்லோ எம்.பி. ஆரெண்டு சொல்லு பாப்பம்” என்றார். எனக்குத் தெரியவில்லை மகள். ஒரு பஸ்ஸில் ஏறினால் அரை மணியில் தாண்டிவிடக்கூடிய தொகுதி, பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், தெரியவில்லை.

அந்த வெட்கத்தில்தான் முழுப் பாரத்தையும் உன் தலையில் போட்டேன். உன் மாமனார் லெஸ்டர் மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் மாடு வளர்ப்பவர், அரசியலில் பழக்கம் உள்ளவர் என்று நீ கலியாணத்தின்போது சொன்னது நினைவில் இருந்தது. அவர் போய்க் கேட்டால் நடக்கும், கேட்கச் சொல் என்று நாளுக்கு ஒரு போன் எடுத்தேன். கன்று போடுற காலம் அப்பா, அவருக்கு நித்திரையே இல்லை, பொறுங்கோ என்று நீ ஒருநாள் சொன்னாய். எனக்கு அது தட்டிக்கழிக்கிற சாட்டாகப் பட்டது.

மே பதினெட்டாம் திகதி எல்லாம் முடிந்த செய்தி வந்த அன்று நான் உன்னிடம் கத்திய வார்த்தைகளைத் திரும்ப எழுதுவது எனக்கு நானே கொடுக்கும் தண்டனை. “எத்தினை தரம் சொன்னனான்? உன்ரை மாமனுக்கு வாயைத் திறந்து ஒரு சொல் கேக்க ஏலாதே? மாட்டுக்குப் பின்னால திரியிறவனுக்கு மனிசற்றை அருமை எங்கை தெரியப் போகுது? நீயும் அங்கை போய் மாடாகிட்டாய்.” நீ “சரியப்பா” என்ற ஒரு சொல்லோடு போனை வைத்தாய். அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

போன மாதம் மார்க் என்னோடு கதைத்ததை அவர் உனக்குச் சொன்னாரோ தெரியாது. நீ வேலையால் வந்திருப்பாய் என்று கணக்குப் போட்டு, துணிந்து ஒரு போன் எடுத்தேன். இரண்டு நேரம் ஓடும் தொகுதி என்று ஊருக்கெல்லாம் படிப்பித்த ஆள், கிழக்கு நேரத்தைப் பார்த்து ஒரு மணித்தியாலம் முந்தி எடுத்துவிட்டேன். நீ ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்து வந்திருக்கவில்லை, மார்க்தான் எடுத்தார். உங்கள் அப்பா சுகமா என்று கேட்டேன். சுகம் என்றுவிட்டு, “அப்பா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், கௌசி சொல்ல வேண்டாம் என்றவள்” என்று தொடங்கினார்.

மே தொடக்கத்தில் ஒரு சனி ஞாயிறு நீ பண்ணைக்குப் போய், சாப்பாட்டு மேசையில் லெஸ்டரிடம் நகுலா மாமியைப் பற்றிச் சொன்னாயாம். அவர் எழும்பித் தொழுவத்துக்குப் போய்விட்டாராம். திங்கட்கிழமை காலையில் சுத்தமான சேர்ட் போட்டுக்கொண்டு வந்து, மெம்பரின் அலுவலக ஆட்கள் இன்றைக்கு இன்ன ஊர்க் கோர்ட்டுக் கட்டடத்தில் வந்து இருப்பார்களாம், ஏறு வண்டியில் என்றாராம். நூற்று நாற்பது மைல். கன்று போடும் மாடுகளை மார்க்கின் தலையில் விட்டுவிட்டு. வழி முழுக்க நீ அவருக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தாயாம், ந-கு-லேஸ்-வ-ரி என்று, பிழைக்கப் பிழைக்க அவர் திரும்பச் சொல்லிப் பார்த்தாராம். அதைவிட ஒன்று சொன்னார் மார்க். லெஸ்டர் கழுதைக் கட்சியாம்! அந்தக் கவுண்டியில், எங்கள் மாவட்டம்போல ஒன்று, முப்பது வருடம் அந்தக் கட்சிக்குத் தலைவர், கூட்டம் வைத்தால் ஏழு பேர் வருவார்களாம். 1974இல் வாலிபனாக இருந்தபோது வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டிருக்கிறார், அந்த 737இல் தோற்றவருக்காக. நூலகத்தில் ஒரு கிழமை இருந்து எல்லாம் படித்த எனக்கு, சொந்தச் சம்பந்தி எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றவில்லை.

அங்கே மேசையில் இருந்தது ஒரு இளம் பெண்பிள்ளையாம். லெஸ்டர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னாராம், மார்க் சொன்ன ஆங்கிலத்தை எங்கள் தமிழில் எழுதுகிறேன்: “பிள்ளை, நான் உங்கடை ஆளுக்கு ஒருநாளும் வோட்டுப் போட்டதில்லை, இனியும் போடமாட்டன். முதலே சொல்லிப்போடுறன். ஆனா இவள் என்ரை மருமகள். இவளின்ரை மாமி ஒராள் காணாமல் போயிட்டா. பேர் நகுலேஸ்வரி.” நீயே ஆச்சரியப்படும்படி பிழையில்லாமல் சொன்னாராம். அந்தப் பிள்ளை இரண்டு தரம் எழுத்துக் கேட்டு எழுதிக்கொண்டதாம். வீட்டுக்கு வரும்போது ஒரு தலையீற்றுப் பசுவின் கன்று செத்துக் கிடந்ததாம், மார்க் ஒருவராக இரண்டு பசுவைப் பார்த்ததில். லெஸ்டர் அதைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு, மற்றப் பசுவைப் பார்க்கப் போய்விட்டாராம். ஜூனில் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்ததாம், வெளிவிவகாரப் பகுதிக்கு அனுப்பிக் கேட்டோம், தகவல் இல்லை என்று.

இதை ஏன் அவள் எனக்குச் சொல்லவில்லை என்று மார்க்கிடம் கேட்டேன். பதில் வந்த பிறகு சொல்லலாம் என்று முதலில் இருந்தாயாம், நான் கத்திய அன்று “அப்பா அழுதுகொண்டு கத்துறார், இப்ப சொன்னா மனிசன் வெட்கத்தில உடைஞ்சுபோவார், பிறகு பாப்பம்” என்று நீ சொன்னாயாம். நான் போனை வைத்துவிட்டு பிரிட்ஜ் கதவில் இருந்த தொகுதியைக் கழற்றி மடித்தேன். அம்மா ஏன் என்று கேட்டார், சொன்னேன். அம்மா எனக்குச் சொன்னதை இந்தக் கடிதத்தில் எழுத ஏலாது.

நகுலா மாமி உயிரோடு இருப்பதையும், வன்னிச் சனத்தை அடைத்து வைத்த முகாமில் இருந்து வெளியில் வந்ததையும் அம்மா உனக்குச் சொல்லியிருப்பார். வயது போன ஆட்களை உறவினரிடம் விடுகிறார்கள் என்று, அத்தானின் தமையன் மகள் போய்க் கையெழுத்து வைத்துக் கூட்டிவந்திருக்கிறாள். என் நாலு பக்கத்தாலும் இல்லை, எவருடைய கடிதத்தாலும் இல்லை, அக்காவின் அறுபத்து மூன்று வயதால். அத்தான் மாசியிலேயே போய்விட்டார். எங்கே வைத்து என்று அக்கா சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. போன ஞாயிறு முதல் தரம் நிம்மதியாகக் கதைக்கக் கிடைத்தது. குரல் மெலிந்து போய் இருந்தது. அமெரிக்காவில் ஒரு மாட்டுக்காரர் நூற்று நாற்பது மைல் போய் உன் பெயரைச் சொல்லிக் கேட்டவர் அக்கா என்றேன். “அந்த மனிசனுக்கு என்னைத் தெரியுமே?” என்றார். தெரியாது என்றேன். “அப்ப ஏன் போனவர்?” என்றார். பிறகு, “என்ரை பேரைச் சரியாச் சொன்னவரோ?” என்றார். ஓம் அக்கா, சரியாகச் சொன்னவர் என்றேன். அப்போதுதான் அவர் அழுதார். ஜனவரிக்குப் பிறகு அவர் அழுததை நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

மகள், உன்னை மாடு என்றதற்கும் அவரை அப்படிச் சொன்னதற்கும் அப்பா மன்னிப்புக் கேட்கிறேன். போனில் கேட்டால் நடுவில் வேறு ஏதாவது நியாயம் கதைத்துப் பழுதாக்கிவிடுவேன் என்ற பயத்தில் எழுதுகிறேன். நவம்பரில் எனக்கு இரண்டு கிழமை லீவு இருக்கிறது. நீ வரச் சொன்னால் நானும் அம்மாவும் வருவோம், லெஸ்டரை நேரில் கண்டு கதைக்க வேண்டும். அங்கே வந்து தொகுதியைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கமாட்டேன் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீ வேண்டாம் என்றால் அதுவும் சரி, கோபிக்கமாட்டேன்.

குளிர் தொடங்கமுன் காருக்குப் பனி டயர் மாற்று. தனியாகத் தூரம் ஓடும்போது போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார். மார்க்குக்கு என் அன்பைச் சொல்லு. அம்மன் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். நகுலா மாமியின் நம்பரை வேறு துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், மறக்காமல் எடு. லெஸ்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடு, அக்கா அவரோடு இரண்டு சொல் கதைக்க வேண்டுமாம். ஆங்கிலம் தெரியாதே என்றேன், பரவாயில்லை, அவருக்கும் தமிழ் தெரியாதுதானே என்கிறார்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அப்பா
சற்குணம்