கணப்புப் பக்கம் வைத்த ஓணான்

ஜூன் 9, திங்கள்

அரசர் பிறந்தநாள் விடுமுறை. பேக்கரிக்கு மட்டும் அது கிடையாது. விடியலிலிருந்து இறைச்சி அடைத்த ‘பை’ பலகாரம் அடுக்கி அடுக்கி இடுப்பே விட்டுப்போயிற்று. இங்கே ஜூன்தான் குளிர்காலம்; வீட்டுக்குள்ளும் வெளிக் குளிர்தான். பாலராட் ஊரில் இந்தப் பலகை வீட்டைக் கட்டியவனைக் கூப்பிட்டு ஒரு ராத்திரி இங்கே படுக்கச் சொல்ல வேண்டும்.

என் புருஷன் லயல் மெல்பர்ன் ஆஸ்பத்திரியில். சர்க்கரையால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனி செயற்கைக் காலில் நடக்கப் பழக வேண்டும். ஃபோனை எடுத்ததும் முதல் கேள்வி, "சார்ஜண்ட் சாப்பிட்டானா?" சார்ஜண்ட் அவன் வளர்க்கும் தாடி ஓணான், கழுத்துக்குக் கீழே முள்முள்ளாய்த் தாடி. பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.

ஜூன் 12

பக்கத்து வீட்டு கோரலின் கணவர் வண்டி நிறைய ரெட்கம் விறகு கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். இங்கே ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால் பூ வருவதில்லை, விறகுதான் வரும். நல்ல மனிதர்.

சார்ஜண்டின் கண்ணாடித் தொட்டியைப் பின் அறையிலிருந்து இழுத்துவந்து கணப்படுப்பை ஒட்டி வைத்தேன். நான் அனுபவிக்கிற சூட்டை அவனும் அனுபவிக்கட்டும்.

ஜூன் 19

தொட்டிக்குள் இருக்கும் வெயில் விளக்கு எரிவதே இல்லை. தெர்மோஸ்டாட் அணைத்துவிடுகிறது. சூடு போதும் என்று அதற்கே தெரிகிறது. நல்லதுதானே, கரண்டு மிச்சம்.

ஜூன் 27

சார்ஜண்ட் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். தீனிக்குப் போட்ட கரப்பான் குஞ்சு மூக்கின் மேலேயே ஏறிப் போகிறது, கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

கோரல் எட்டிப் பார்த்தாள். "குளிர்காலத்துல இதுங்க தூங்கும்டி ரேலீன். எங்க வீட்டுல இருந்தது ஆகஸ்ட் வரைக்கும் அசையல. சும்மா விடு."

லயலிடம், "சாப்பாட்ட வெளுத்துக் கட்டுறான்" என்று சொல்லி வைத்தேன்.

ஜூலை 3

ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி கொடுக்கும் பெண் பேசினாள். "உங்க வீட்டுக்காரர் எழுந்திரிக்கவே மாட்டேங்குறாரு. செயற்கைக் காலைக் கொண்டுபோனா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறாரு."

அவனிடம் பேசினேன். "இங்க எல்லாம் நல்லா இருக்கு. நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. நல்லா ரெஸ்ட் எடு." 

"ம்" என்றான். சார்ஜண்டைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 8

தாடி கறுத்துப் போயிருக்கிறது. கையில் எடுத்தால் ஈரத் துணி மாதிரித் தொங்குகிறான். இது தூக்கமா? கால்நடை மருத்துவரிடம் சனிக்கிழமைக்குத்தான் நேரம் கிடைத்தது. இவன் செத்துப்போனால் லயல் எதற்கு எழுந்திரிப்பான்? எனக்காகவா?

ஜூலை 11

இன்றைக்கு என்னால் முடியவில்லை. பேக்கரிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். நேற்றே கணப்பு அணைந்துவிட்டது. விறகு பிளக்கத் தெம்பில்லை. கம்பளியைச் சுற்றிக்கொண்டு சோபாவில் விழுந்தவள் தூங்கிவிட்டேன்.

முகத்தில் வெளிச்சம் அடித்தது. மத்தியானம். வீடு ஐஸ்பெட்டி. தொட்டியில் வெயில் விளக்கு எரிகிறது! அதற்கு நேர் கீழே, கிளையின் மேலே, வாயைப் பிளந்து வெயில் காய்ந்துகொண்டு சார்ஜண்ட். இத்தனை நாள் தலையைத் தூக்காதவன்!

தெர்மோஸ்டாட் ஒயரின் நுனியைத் தேடினேன். கணப்புப் பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. நான் தீ மூட்ட மூட்ட, அது சூடு போதும் என்று விளக்கை அணைத்திருக்கிறது. அடிப்பாவி ரேலீன்! அவனுக்கு இருந்த ஒரே வெயிலை நீதான் பிடுங்கியிருக்கிறாய்.

ஜூலை 12, சனி

மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சூடு மேல இருந்து, வெளிச்சத்தோட வரணும்மா. முதுகு காயாம இவனுக்குத் தின்னது செரிக்காது. வெயில் சத்து குடுக்குற யூவி ட்யூப் மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

"நல்லாத்தானே எரியுது?"

"எரியும். வருஷம் ஆனா அதுல சத்து இருக்காது."

தொட்டியைப் பின் அறைக்கே இழுத்துக்கொண்டு போனேன். புது ட்யூப் வாங்கி, மாட்டத் தெரியாமல் கயிறு போட்டுக் கட்டினேன். ஒயர் நுனியை வெயில் கிளைக்குப் பக்கத்தில் வைத்தேன். இடுப்பு போச்சு.

ஜூலை 13

லயலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொய் சொல்லவும் தெம்பு வேண்டும், என்னிடம் அதுவும் இல்லை.

"அடி கிறுக்கி! அவன அடுப்புல வாட்டித் தின்னவா பாத்த?" ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவன் கத்தியது இதுதான் முதல் தடவை. "ட்யூப எப்படி மாட்டின?"

"கயித்துல கட்டியிருக்கேன்."

"கயித்துலயா! பக்கத்துல அந்த விளக்கு எரியுது, தீப்பிடிக்கும்டி! விளக்குக்கு வலைக்கூடு போட்டியா? மேல ஏறினா அவன் வயிறு வெந்துடும்."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "எனக்கு எதுவும் தெரியாது. விறகு நான், பேக்கரி நான், உன் ஓணானும் நான். எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னேன் பாரு, பொய். ஒண்ணும் நல்லா இல்ல. நீ வந்து மாட்டு!" ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். கால் போன மனுஷனிடம் இப்படியா பேசுவது?

ஜூலை 14

கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கோரலின் கணவர் ட்யூபைக் கம்பியில் நிறுத்தி, விளக்குக்குத் தற்காலிகமாக ஒரு வலையும் போட்டுக் கொடுத்தார். இதை லயலிடம் சொல்லவில்லை.

ஜூலை 16

ஒரு கரப்பான். முழுசாக விழுங்கினான்.

ஜூலை 22

பயிற்சிப் பெண் பேசினாள். "கம்பியப் பிடிச்சு ரெண்டு தடவ போய் வந்துட்டாரு. எங்ககிட்ட ஸ்க்ரூடிரைவர் இருக்கான்னு கேக்குறாரு. எதுக்குங்க?"

ஆகஸ்ட் 9

லயல் வந்துவிட்டான். கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே பின் அறைக்குப் போனான். "எவன்டி இதக் கட்டினது? பூன வாந்தி எடுத்த மாதிரி இருக்கு." ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டான். ஸ்க்ரூவைக் கீழே போடுவான், நான் குனிந்து எடுத்துக் கொடுப்பேன். இப்படியே சாயங்காலம் போயிற்று. களைப்பு கொஞ்சமும் குறையவில்லை.

ஆகஸ்ட் 11

வேலையிலிருந்து வந்து அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டேன். இருட்டியதும் சார்ஜண்டின் விளக்கை அணைக்க எழுந்தேன். பின் அறை ஏற்கெனவே இருட்டு. ஐயோ, மறுபடியும் போச்சா? ஓடினேன்.

நாற்காலியில் லயல். கழற்றிய கால் மடியில் கிடந்தது.

"நான்தான் அணைச்சேன். சத்தம் போடாத, அவன் தூங்குறான்." என் பக்கம் திரும்பினான். "நீ சாப்பிட்டியா?"

இல்லை என்றேன்.

காலை எடுத்து மாட்ட ஆரம்பித்தான்.