சீசர் மாத்திரை விழுங்கிய விவரம்

ராஜபாளையம்,
14.7.1988

அன்புள்ள ஏசம்மாளுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் சீசரும் சுகம். நான் சுகமாக இருப்பதில் புதுமை இல்லை. சீசர் சுகமாக இருப்பதை விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பிலாயிலிருந்து திரும்ப ரயில் டிக்கெட்டுக்குச் சொல்லியிருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடு. பிரசவம் வரை கிரேஸ் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கும்போது, நாய்க்காக நீ மகளை விட்டுக் கிளம்புவது சரியல்ல.

போன கடிதத்தில் உன்னைப் பயமுறுத்திவிட்டேன். உண்ணிக் காய்ச்சல், ஈறு வெளுத்துவிட்டது, மாத்திரையை ஒரு வேளை விட்டாலும் பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் சொன்னதை அப்படியே எழுதினேன். என்னால் முடியாது என்றும் எழுதினேன். அப்போது அதை நம்பித்தான் எழுதினேன்.

அன்று காலை முறைப்படிதான் செய்து பார்த்தேன். மாத்திரையைப் பொடித்து மோரில் கரைத்தேன். முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கறித்துண்டைக் கீறி உள்ளே வைத்தேன்; கறியைத் தின்று மாத்திரையை ஒதுக்கிவிட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் தங்கை கொண்டுவந்த பால்கோவாவில் பொதிந்து கொடுத்தேன். நக்கி முடித்தபின், கழுவி வைத்ததுபோல் மாத்திரை தரையில் கிடந்தது. "ஏண்ணே, அம்புட்டுப் பால்கோவாவும் நாய்க்கா போச்சு?" என்றாள் தங்கை. அவள் கவலை அவளுக்கு.

இதையெல்லாம் சுவருக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு உக்கிரபாண்டி, "ஐயா, மில்லுல அம்புட்டுக் கணக்கையும் நேராக்குனிய, ஒரு நாய் வாயத் திறக்க முடியலையாக்கும்? இருங்க, நான் வாரேன்" என்று வந்தார். சீசர் ஒருமுறை உறுமினான். "இவன் ஏசம்மா அக்கா ஒருத்தருக்குத்தான் அடங்குவான். அவிய வரட்டும்" என்று வந்த வழியே போய்விட்டார்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். சீசர் தன் தட்டின் முன் உட்கார்ந்து என் வாயையே பார்த்தான். நீ போனதிலிருந்து இப்படித்தான். நான் மனதுக்குள் ஜெபித்துச் சாப்பிட்டு எழுந்த பிறகு, வேறு வழியில்லாமல் முகர்ந்து முகர்ந்து பொறுக்கித் தின்பான். குட்டியிலிருந்தே நீ சத்தமாக ஜெபித்து "ஆமென்" சொன்ன பிறகுதானே அவனைத் தட்டில் வாய் வைக்க விட்டாய்? சொன்ன மறுநொடி, முகராமல் அள்ளி விழுங்குவான். இது நான் தினமும் பார்த்ததுதான். ஆனால் சபையில் எழுந்து ஜெபிக்கச் சொன்னாலே எனக்குக் குரல் எழும்பாது என்பது உனக்குத் தெரியும். வீட்டில் தனியாக இருந்தும் அதுவரை வாய் திறக்கத் தோன்றவில்லை. அன்று தோன்றியது.

மாத்திரையை அவன் தட்டுச் சோற்றில் பிசைந்து வைத்துவிட்டுச் சத்தமாக ஜெபித்தேன். குரல் நடுங்கியது. கிரேஸுக்காக, அவள் வயிற்றுப் பிள்ளைக்காக, உனக்காக, பிறகு சீசரின் ஈறுக்காக வேண்டிக்கொண்டு "ஆமென்" என்றேன். தட்டு காலி. தூக்கிப் பார்த்தேன், மாத்திரை அடியிலும் இல்லை, தரையிலும் இல்லை. சுவருக்கு அப்பாலிருந்து உக்கிரபாண்டி, "நாய்க்குப் பிரசங்கமாய்யா? நடக்கட்டும், நடக்கட்டும்" என்றார். எனக்கு வெட்கமாக இல்லை.

அதன்பிறகு ஒரு வேளையும் தவறவில்லை. நேற்று மருத்துவர் ஈறைப் பார்த்து, சிவப்பு திரும்பிவிட்டது, பயமில்லை என்றார். மீதி மாத்திரையையும் நான் கொடுத்துவிடுவேன். இதைச் சந்தேகமில்லாமல் எழுதுகிறேன். பிள்ளை பிறந்து, கிரேஸ் எழுந்து நடமாடிய பிறகு நீ வந்தால் போதும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஜெபத்தில் உன் பெயர் வரும்போது சீசர் வாசலைத் திரும்பிப் பார்க்கிறான். நானும் பார்த்துவிடுகிறேன். அதனால் ஆமென் சொல்லக் கொஞ்சம் தாமதமாகிறது. அவன் பொறுத்துக்கொள்கிறான்.

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்
ஞானராஜ்