சான்றுப் பொருள் எண் 1

நவ. 3, திங்கள்
விடிய விடிய மழை. இப்போது தூறல். எதிர்மனையில் அஸ்திவாரக் குழி நிரம்பி வழிகிறது. மனைக்காரர் பிரான்சில். கேட்டில் பூட்டு. உள்ளே கொசு மட்டும் குடித்தனம்.

நேற்று மகள் மீனா வந்துவிட்டாள், தலைப்பிரசவத்துக்கு. ஏழாம் மாதம். முன்னறை ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருக்கிறோம், காற்று வரட்டும் என்று. அரியாங்குப்பத்திலிருந்து சம்பந்தியம்மாள் போன்: "அங்க டெங்குன்னு பேசிக்கிறாங்களே. கொசு இருந்தா சொல்லிடுங்க, வந்து கூட்டிட்டுப் போயிடுறோம்." சுருக்கென்றது.

நகராட்சி ஆபீசுக்கு மூன்றாவது புகார். "பாக்கறோம் சார்."

மாலை ஒலிபெருக்கி ஆட்டோ. தண்ணீர் தேங்க விடாதீர், காய்ச்சிய நீர் பருகுவீர், நிலவேம்புக் கஷாயம் குடிப்பீர். துண்டுச்சீட்டை என் கையில் திணித்துவிட்டு அந்தக் குழியை ஒட்டியே போனது. கண் இருக்கிறதா, இல்லையா?

நவ. 4, செவ்வாய்
நேரில் போனேன். கவுன்டரில் இருந்தவன்: "கொசுப்புழு இருக்குன்னு சும்மா சொன்னா ஆச்சா? ப்ரூஃப் இருக்கா?"

என்னிடம்! முப்பது வருஷம் கோர்ட்டில் கிளார்க். எத்தனை சான்றுப் பொருளுக்குச் சீட்டு ஒட்டிய கை இது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை. டப்பாவில் கயிறு கட்டி, சுவருக்கு மேலிருந்து குழியில் விட்டு மொண்டேன். ஊறுகாய் பாட்டில், கழுவியது. வாயில் வேட்டித் துணி, ரப்பர் பேண்டு. சீட்டு: சான்றுப் பொருள் எண் 1. எதிர்மனைக் குழி. தேதி, நேரம், கையெழுத்து. புழு 31.

மனைவி சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். "கருமம், அத வூட்டுக்குள்ள வேற கொண்டாந்துட்டீங்களா?" சமையலறையில் விடமாட்டேன் என்றுவிட்டாள். முன்னறை ஜன்னல் மேடையில் வைத்தேன்.

நவ. 5, புதன்
அதிகாரி லீவ். பாட்டிலை வாங்கிக்கொள்ளவும் மாட்டார்களாம். "அத எங்க தலையில கட்டாதீங்க சார். வெள்ளிக்கிழம வாங்க." பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார்.

சான்று செத்தால் கேஸும் செத்தது. துணியை அவிழ்த்துக் காற்றுக் காட்டினேன். கொஞ்சம் தண்ணீர் விட்டேன். எண்ணினேன். 31. சரி.

வாங்க: எலுமிச்சை 6, மாதுளை, கொசுவத்தி, கொசு பேட்.

நவ. 6, வியாழன்
காலையில் துணி அவிழ்த்து எண்ணினேன். 24. சில செத்திருக்கும். சில சுருண்டு மேலே மிதக்கின்றன. சாகட்டுமே, எனக்கு ஒன்று இருந்தால் போதும்.

மீனா: "அப்பா, ராத்திரி பூரா காதுகிட்ட ஙொய்யுன்னு." வரி மட்டும் ஒரு நாள் தாமதிக்கக் கூடாது இந்த ஆபீஸ்காரர்களுக்கு!

நவ. 7, வெள்ளி
எண்ணினேன். 9.

அதிகாரி மீட்டிங்கில். திங்கட்கிழமை வரவேண்டுமாம். கவுன்டரைத் தட்டிக் கத்தினேன். "சார், பி.பி. ஏறிடப் போவுது" என்கிறான். ஏறட்டும்.

வீட்டுக்கு வந்தால் மீனா படுத்திருக்கிறாள். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது.

நவ. 8, சனி
ஆஸ்பத்திரி. டெங்குதான். பிளேட்லெட் குறைகிறது. குழந்தை அசைகிறது, பயமில்லை என்றார் டாக்டர். சரோஜா கூட இருக்கிறாள். சம்பந்தியம்மாள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆபீசைக் கொளுத்தினால் என்ன?

நவ. 10, திங்கள்
நான் போக வேண்டி வரவில்லை, அவர்களே வந்தார்கள். காய்ச்சல் கண்ட வீடு என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவலாம். ஒரு குழிக்கு வராதவர்கள், நாலு பேர்.

எதிர்மனை? "பூட்டியிருக்கு ஐயா. ஓனர் இல்லாம தொறக்க முடியாது."

என் வீடு திறந்திருந்தது. லதா என்ற பெண் ஊழியர் டார்ச் அடித்துக்கொண்டே வந்து ஜன்னல் மேடையில் நின்றாள். பாட்டிலில் புழு 2.

"அது சான்றும்மா! சீட்டப் படிச்சுப் பாரு."

"சீட்டு நீங்க ஒட்டினது ஐயா. தண்ணி உங்க வூட்லதான இருக்கு?"

கதவில் நோட்டீஸ். கொசு உற்பத்திக்கு இடம் கொடுத்த வீடு. எங்கள் தெருவிலேயே முதல் நோட்டீஸ்.

"மீதி எங்க ஐயா?" என்றாள். செத்துவிட்டன என்றேன். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். "செத்தா அடியில கெடக்கும். இது வெறும் தோலு. பறந்து போச்சு. தெனம் தொறந்தீங்களா?"

பாட்டிலை வாங்கி நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவளுக்கே பாவமாகிவிட்டது. "இந்தக் காய்ச்சல் இதுங்களால வந்திருக்காது ஐயா. கடிச்சு நாலஞ்சு நாளாவது ஆவும்."

இருக்காதுதான். நானும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

பாட்டிலைக் காய்ந்த மணலில் கவிழ்த்தேன். குழி அப்படியேதான் இருக்கிறது.

மாலை மீனா போன். பிளேட்லெட் இன்று இறங்கவில்லையாம். "அப்பா, ஒன் கொசு கேஸு என்னாச்சு?"

"முடிஞ்சிடுச்சும்மா."

31-இல் 2 போக 29. ஜன்னல் மேடைக்கு நேர் கீழே அவள் தலையணை.