டுலூத்தில் பூசிய பூச்சு

கர்ட்,

ப்ரிட்டா பக்கத்து வீட்டில் விளையாடுகிறாள். சூப்பை ஆறவைத்துக் கொடு. பல் சொத்தையாகாமல் இருக்க இன்று நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் அவளுக்கு ஃபுளோரைடு பூசினார்கள். இரவு பல் துலக்க வேண்டாம்.

பில் போட அதன் குறியீட்டைத் தட்டினேன். காப்பீட்டுக்காரர்களின் திரை மறுத்துவிட்டது: போன முறை பூசி ஆறு மாதம் ஆகவில்லை, பிப்ரவரி ஒன்பதாம் தேதி டுலூத் நகரில் பூசியாயிற்று. அன்று அவளை ஹாக்கி பார்க்க அழைத்துப் போவதாகச் சொன்னாய்.

அவளிடம் கேட்டேன். "அங்க ஸ்ட்ராபெரி வாசனைம்மா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு" என்றாள். அதற்காக அவளைத் திட்டாதே.

குடிபோக நினைக்காத ஊரில் யாரும் பிள்ளைக்குப் பல் மருத்துவர் பார்த்துவைப்பதில்லை.

ஏழு மணிக்கு வருகிறேன்.

ஹெய்டி

அங்கே படிவத்தில் அம்மா பெயர் கேட்டிருப்பார்கள். யார் பெயரை எழுதினாய்?