வாலுவுக்கு நான் யார்

மார்ச் 4
இன்று லேபில் மூன்று பல் செட் முடித்தேன். ஒன்றில் கடைவாய்ப்பல் தூக்கலாக இருந்தது, ராவிச் சரிசெய்தேன். மாலையில் மனைவி நிதானமாகச் சொன்னாள். "இனிமே சேர்ந்து இருக்கறதுல அர்த்தமில்லங்க. ரெண்டு பேருமா மனு போட்டு விலகிக்கலாம்." மறுக்கத் தோன்றவில்லை. ஒரு வருடமாகவே எங்களுக்குள் பேச்சென்றால் வாலுவைப் பற்றித்தான்.

மார்ச் 9
வக்கீலம்மாவைப் பார்த்தேன்.
"குழந்தைங்க?"
"ஒரு பொண்ணு. பதினோரு வயசு. வாலுன்னுதான் கூப்பிடுவோம்."
விவரம் சொன்னேன். அவளைப் பெற்ற அப்பா, மனைவியின் முதல் கணவர், இறந்துபோனார். எங்கள் கல்யாணத்தின்போது அவளுக்கு இரண்டு வயது.
"முறைப்படி தத்து எடுத்தீங்களா?"
"இல்ல."
"அப்ப சட்டப்படி நீங்க அவளுக்கு யாருமில்ல. கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கும்."
தத்துப் பத்திரம் போடலாம் என்று மனைவி அப்போதே சொன்னாள். 'அப்பா'ன்னு கூப்பிடுறா, காகிதம் எதுக்கு என்று நான்தான் தட்டிக்கழித்தேன். யாரை நொந்துகொள்வது?

மார்ச் 10
யாருமில்லையாம்.

மார்ச் 17
வழியே இல்லையா என்று வக்கீலம்மாவிடம் மறுபடி கேட்டேன். "ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் இந்த மனு நிக்கும். பொண்ணைப் பாக்க விடுறேன்னு எழுதித் தந்தாத்தான் கையெழுத்துன்னு பிடிவாதம் பிடிங்க. இறங்கி வருவாங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 19
வாலுவை வைத்துப் பேரமா? நாளைக்கு அவளுக்குத் தெரிந்தால் என் முகத்தில் முழிப்பாளா? பேரம் பேசாவிட்டால் முகத்தையே பார்க்க முடியாமல் போகலாம் — ச்சே. என்ன மனுஷன்டா நீ. வேண்டாம்.

மார்ச் 24
வக்கீலம்மா ஆபீசில் எந்த நிபந்தனையும் இல்லாமல் கையெழுத்துப் போட்டேன். படியிறங்கும்போது மனைவி கேட்டாள். "வாலுவைப் பத்தி ஏன் ஒண்ணுமே கேக்கல?"
"எனக்கு உரிமை இல்லையாம்."
"உரிமை இல்லைன்னா ஆசையும் இல்லாம போயிடுமா? ஒம்போது வருஷமா அவளுக்குத் தலை பின்னி விட்டது யாரு?"
அவள் திரும்பி மேலே ஏறினாள். சனி, ஞாயிறு வாலு என்னோடு இருப்பாள் என்று மனுவில் சேர்க்கச் சொல்லிவிட்டு வந்தாள். நான் அதே படியில் உட்கார்ந்திருந்தேன்.

மே 2
லேபுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக் குடிவந்தேன். வாலு வந்து ஜன்னல் ஓரத்துக் கட்டில் தனக்கு என்றாள்.

செப்டம்பர் 30
நீதிபதி வாலுவைப் பக்கத்தில் அழைத்தார். "இவர் உனக்கு யாரும்மா?"
"அப்பா."
"சனி, ஞாயிறு அவரோட இருக்க உனக்குச் சம்மதமா?"
"பரீட்சை இருந்தா வர மாட்டேன்."
நீதிபதி சிரித்துவிட்டார். விலகிவிட்டோம். மூவரும் ஒரே ஆட்டோவில்தான் திரும்பினோம்.

நவம்பர் 18
செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து வந்தால் அறை வாசலில் வாலு, பள்ளிக்கூடப் பையோடு.
"அம்மா திட்டிட்டாங்க. கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன்."
மனைவியை — அப்படிச் சொல்லும் பழக்கம் போகவில்லை — போனில் கூப்பிட்டேன்.
"அங்கதான் வந்திருப்பான்னு தெரியும். கணக்குப் பாடத்தைத் தொடவே இல்ல, அதான் திட்டினேன். நீங்களும் நாலு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.
சொன்னேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தாள்.