காருக்கு அடியில்

என் அன்பு மனைவிக்கு,

நீ வர மாட்டாய் என்று தெரிந்தும் இந்த வருடமும் பென்குயின் பார்க்க பிலிப் தீவுக்குப் போனேன். இருட்டியதும் பென்குயின்கள் கடலிலிருந்து கரையேறி வந்தன. நல்ல குளிர். உன் போர்வையைக் காரிலேயே மறந்துவிட்டேன், திட்டாதே.

கிளம்பும்போதுதான் சிக்கிக்கொண்டேன். வண்டியை எடுக்கும் முன் காருக்கு அடியில் பென்குயின் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது நம் குட்டி மகள் பிரைடியின் வேலை அல்லவா? சட்டையெல்லாம் மண்ணாகத் தரையில் படுத்துப் பார்த்துவிட்டு, "யாரும் இல்லப்பா, போலாம்!" என்று கத்துவாளே. நேற்று நானே முட்டி போட்டுப் பார்த்தேன். எதுவும் இல்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்த பிறகு வண்டியை எடுக்க முடியவில்லை.

மற்ற கார்கள் எல்லாம் போய்விட்டன. காவலுக்கு நின்ற தமிழ்ப் பெண் கண்ணாடியைத் தட்டினாள்.

"என்னண்ணே, பென்குயின் எதையாச்சும் உள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. பிறகு அவளே தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"யாரும் இல்லண்ணே. போலாம்."

தீவின் பாலம் தாண்டும்வரை அழுதேன். அவள் கல்லறையில் நான் ஏன் அழவில்லை என்று கேட்டுவிட்டுத்தானே என்னை விட்டுப் போனாய்? "யாரும் இல்ல, போலாம்" என்று அன்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா